எல்லாக் காலைலயும்

என் கைகள் என்னோடு எழும்புவதில்லை. நான் ஐந்து மணிக்கு எழும்பிவிடுவேன். அவை எழும்ப ஒன்பது, ஒன்பதரை ஆகும். அதுவரை அந்தப் பத்து விரலும் என் பேச்சைக் கேட்காது. மடக்கினால் மடங்காது, மடங்கியிருந்தால் நீளாது. விரல்கள் தொடங்குகிற முட்டிகள் எல்லாம் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சி எடுக்க முடியாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: இரண்டரை வருஷமாக என் சட்டைக்கு ஊக்கு மாட்டிவிடுவது என் வீட்டுக்காரர் செல்லசாமிதான்.

அடுப்பு மூட்டுவதும் அவர்தான். முதலில் தண்ணீரைச் சுட வைத்து, பேசினில் ஊற்றி, என் இரண்டு கையையும் பிடித்து உள்ளே வைப்பார். நான் கையை ஊற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் ரொட்டிக்கு மாவு பிசைவார். வரிசையாக ஒட்டியிருக்கிற எங்கள் லயத்து வீட்டுப் பொம்பிளைகள் சும்மா இருப்பார்களா? "ரஞ்சிதம் வீட்டுக்காரருக்கு வளையல் ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் சுவர் ஒட்டின அடுத்த காம்பரா வீட்டு வேலாயி அக்கா. "வளையலும் இருக்கு அக்கா, மாவு ஒட்டும்னு கழட்டி வச்சிருக்கேன்" என்றார் இவர். அப்படிப்பட்ட மனுசன். நான்தான் இந்த வீட்டில் கோபக்காரி.

ஏழு மணிக்குப் பெரட்டு. பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்துக் கொடுக்கிற நேரம். அங்கே நான் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டத் தெரியாதவளைப் போல நிற்பேன். மலைக்கு ஏறி, தேயிலைக் கொழுந்தில் கை வைத்து, இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தால் விரல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். பத்து மணிக்கு மேல் நானும் மற்றவர்களும் ஒன்றுதான். பகல் நிறுவையில் என் கூடை யாருடைய கூடைக்கும் குறையாது.

அதுதான் எனக்கு வினையாகப் போனது. எங்கள் பிரிவில் வேலை பிரித்துக் கொடுத்து வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயாவாக இருக்கிற சுதாகரனுக்கு நாற்பது வயதுகூட இருக்காது, ஆனால் வாய்க்கு அறுபது வயது. "பெரட்டுல நோவு, நிறுவைல நோவு இல்ல. இது பெரட்டு வருத்தம். இதுக்கு மருந்து எங்கிட்டதான் இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என்ன பதில் சொல்வது? பகலில் நோவு இல்லை என்பது உண்மைதானே.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பேரை வெட்டிக்கொண்டு, கீழே சிங்கள முதலாளியின் மரக்கறித் தோட்டத்தில் வேலைக்குப் போய் ஆறு வருஷமாகிறது. தோட்டத்துப் பேர் ஏடான செக்ரோலில் இருப்பது என் பேர் ஒன்றுதான். வேலைக்குப் பேர் இல்லாத குடும்பத்துக்குக் காம்பராவும் இல்லை என்று ஆபீசில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கீழ் லயத்தில் இரண்டு குடும்பம் அப்படிச் சாமானைத் தூக்கிக்கொண்டு போனதை நாங்கள் பார்த்தோம். எங்களுக்குப் போக இடமில்லை. நாங்கள் படுக்கிற கூரை என் விரலில்தான் தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இரவெல்லாம் விரலைத் தடவிக்கொண்டே படுத்திருப்பேன்.

மருந்து பார்க்காமல் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பனடோல் மாத்திரையும் தடவுகிற களிம்பும் கொடுத்தார்கள். எங்கள் டயகம ஊர்ப் பனியும் மழையும்தான் காரணம், குளிர் எலும்பில் இறங்கிவிட்டது என்றார்கள். வேலாயி அக்கா வாதம் என்றாள். எங்களுக்கு எலும்பில் எது வந்தாலும் வாதம்தான். நொச்சி இலையை அவித்து ஆவி பிடிக்க வைத்தாள். முடக்கத்தான் கீரையை எங்கிருந்தோ கொண்டுவந்து ரசம் வைத்துக் கொடுத்தாள். வாய்க்கு நன்றாக இருந்தது, விரலுக்கு ஒன்றும் இல்லை.

பிறகு சிவனொளிபாதமலை சீசனில் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போனபோது, கடை வரிசையில் ஒருவர் கறுப்பு உருண்டை விற்றார். முடம் நடக்கும், கூன் நிமிரும் என்றார். வாங்கி விழுங்கினேன். பொய் சொல்லக்கூடாது, மூன்றாம் நாள் காலையில் என் விரல் தானாக மடங்கியது. நானே ஊக்கு மாட்டினேன், நானே மாவு பிசைந்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மாதத்தில் முகம் பூசணிக்காயாக உப்பிவிட்டது. உருண்டையும் தீர்ந்தது. தீர்ந்த ஒரு வாரத்தில் நோவு முன்னைவிட இரண்டு மடங்காக வந்தது. எழும்பி நிற்கக்கூட முடியவில்லை. அப்போதுதான் டவுனில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்தேன். இது நடந்து இரண்டு வருஷம்.

நோவோடு பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடிக்க முடியாது. அதனால் சுடுதண்ணீரில் கையை ஊற வைத்து, இளகின பிறகு எட்டரை பஸ்ஸில் போனேன். நம்பர் துண்டு எடுத்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்து, என் முறை வரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. உள்ளே ஒரு சின்ன வயது சிங்கள டாக்டர் இருந்தார். நான் மனதுக்குள் சிங்களத்தைக் கூட்டிக்கொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க அம்மா. இருங்க. என்ன வருத்தம்?" என்றார்.

தமிழில்!

அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன்? நாற்பத்திரண்டு வயதுவரை எந்த ஆபீசுக்குப் போனாலும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அரை சிங்களமும் கை ஜாடையுமாகத்தான் நின்றிருக்கிறேன். என்னை இருங்க என்று சொன்ன முதல் டாக்டர் அவர். வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தாராம். மேசையில் ஒரு சின்னக் கொப்பியில் தமிழ்ச் சொற்களை எழுதி வைத்திருந்தார். நானும் என் சிங்களத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, வாய் நிறையத் தமிழிலேயே சொன்னேன்.

"காலைல தான் டாக்டர் நோவு. காலைல வெரலெல்லாம் அப்பிடியே புடிச்சிக்கிது. அசைக்க ஏலாது."

"காலைல" என்று அவரும் சொன்னார். தலையை ஆட்டினார். "ரெண்டு காலைலயுமா?"

இரண்டு நாளாகவா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். "ரெண்டு மூணு இல்ல டாக்டர். எல்லாக் காலைலயும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல மனுசன், சிரித்துப் பேசுகிறாரே என்று நினைத்தேன். "சரி அம்மா, காலை நீட்டுங்க" என்றார். செருப்பைக் கழற்றி நீட்டினேன். அட்டை கடித்த வடு நிறைந்த கால், கூச்சமாக இருந்தது. ஆனால் அவர் முகம் சுளிக்கவில்லை. கால் விரல் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தார். முழங்காலை மடக்கிப் பார்த்தார். "இங்க நோவுதா?" என்றார். முப்பது வருஷமாக மலை ஏறி இறங்குகிற முழங்கால், அழுத்தினால் நோகாமல் இருக்குமா? "லேசா" என்றேன்.

கையை நான் நீட்டவில்லை. இதை நினைக்கும்போதுதான் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. கொழுந்துக் கறை ஏறி விரலெல்லாம் கறுப்பு. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. வெள்ளைச் சட்டை போட்ட டாக்டர் முன்னால் அந்தக் கையை வைக்க வெட்கப்பட்டு, சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தேன். கேட்டால் காட்டலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை.

முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். கைக்கு எடுக்காமல் ஏன் காலுக்கு என்று ஒரு கணம் தோன்றியதுதான். தலைவலி என்று போனால் கண்ணைப் பார்க்கிறவர்கள் ஆயிற்றே, நரம்பின் வேர் அங்கே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "கொஞ்சம் தேய்மானம். பயம் வேண்டாம். பாரம் தூக்க வேண்டாம், மலை ஏற வேண்டாம்" என்றார். மாத்திரை எழுதினார். தோட்டத்து ஆபீசில் காட்ட, வருத்தத்தை எழுதின ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டேன். இங்கிலீஷில் அழகாக எழுதி, சீல் குத்திக் கொடுத்தார்.

அன்றைக்கு லயத்தில் நான் வாயை மூடவேயில்லை. தமிழ் பேசுகிற டாக்டரைப் பற்றி ஐந்து வீட்டுக்குச் சொன்னேன்.

துண்டை ஆபீசில் கொடுத்த மறுநாள், சுதாகரன் என்னை மலையிலிருந்து எடுத்து நர்சரியில் போட்டார். கன்று நடுகிற கறுப்புப் பைகளுக்கு மண் நிரப்புகிற வேலை. பலகையில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். பையின் வாய் ஈரத்தில் ஒட்டிப்போயிருக்கும். அதை இரண்டு விரல் நுனியால் கிள்ளிப் பிரித்து, ஈர மண்ணை அள்ளிப் போட்டு, பெருவிரலால் அமுக்கி அடுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால், பனி விழுந்த மண்ணில். கொழுந்து எடுக்கும்போது கையாவது சூடாகும். இங்கே பத்து மணிக்கும் விரல் இளகவில்லை, பதினொரு மணிக்கும் இளகவில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் பெரட்டில் வெடித்துவிட்டேன். "நோவுன்னு துண்டு குடுத்தா, நோவுற எடம் பாத்து வேல குடுக்கிற மனுசன் நீங்கதாய்யா! ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

அவர் திகைத்துப் போனார். "என்னாம்மா கத்துற? குந்திக்கிட்டுச் செய்ற வேலைக்கு ஆளாளுக்கு அடிச்சிக்கிறாங்க. கால் நோவுக்காரிக்கு இத விட நல்ல வேல தோட்டத்துல எங்க இருக்கு? துண்டுல உள்ளதத்தான் செஞ்சேன். படிக்கத் தெரிஞ்சா படிச்சுப் பாரு."

காலை நோவுக்காரி என்று சொல்வதாக நினைத்தேன். பழைய பெரட்டு வருத்தக் கிண்டலையே திரும்பவும் எடுக்கிறார் என்று நினைத்தேன். படிக்கத் தெரிந்தால் என்று வேறு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. பழி வாங்குகிறான், நாசமாய்ப் போவான் என்று இரண்டு வருஷம் வயிறெரியச் சபித்தேன். பாவம், அந்த மனுசன்.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கிளினிக் போனேன். ஒவ்வொரு தரமும் வேறு டாக்டர். என் கிளினிக் கொப்பியை விரிப்பார், பழைய பக்கத்தைப் பார்ப்பார், அதே மாத்திரையை எழுதுவார். வாயைத் திறப்பதற்குள் அடுத்த நம்பர் உள்ளே வந்துவிடும். மாத்திரை விழுங்கினால் அன்றைக்கு நோவு கொஞ்சம் குறையும். விரல் மட்டும் தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. முதலில் சுண்டு விரல், பிறகு மோதிர விரல், பிறகு எல்லாமாகச் சேர்ந்து, காற்றில் சாய்ந்த புல்லைப் போல வெளிப் பக்கமாகச் சாயத் தொடங்கின. வலது கை நடுவிரல் ஒரு நாள் மடங்கியது, மடங்கினதுதான், பகலிலும் நிமிரவில்லை. அன்றைக்கு நான் அழுதேன். இவர் அந்த விரலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "கோவிச்சிக்கிச்சு, ரெண்டு நாளுல சரியாகும்" என்றார்.

போன வாரம் சுதாகரன் அவராகவே வந்து பேசினார். "ஒன் துண்டுக்கு ரெண்டு வயசாச்சு. பையும் மத்தவங்க போடுறதுல பாதிதான் போடுற. ஆபீசுல கேக்கிறாங்க. மாசம் முடியிறதுக்குள்ள புதுத் துண்டு கொண்டா. இல்லாட்டி மலைக்குப் போ. அதுவும் ஏலாதுன்னா பேர வெட்டச் சொல்றாரு தொர. நான் என்ன செய்ய, சொல்லு?"

அவர் கண்ணில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

இந்தத் தரம் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். "சுடுதண்ணி வேணாங்க. என் கைய விடிஞ்ச கையாவே அவங்க பாக்கட்டும்" என்றேன். முதல் பஸ்ஸிலேயே ஏறினோம். கம்பியைப் பிடிக்காமல் இவர் தோளில் சாய்ந்து நின்றேன். எட்டு மணிக்கெல்லாம் நம்பர் வந்தது. கதவைத் திறந்தால் அதே டாக்டர். கொஞ்சம் பருத்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். கொப்பியைப் பார்த்து, "வாங்க அம்மா, இருங்க. முழங்கால் எப்பிடி? காலை நீட்டுங்க" என்றார்.

"காலு கெடக்கட்டும் டாக்டர். கையப் பாருங்க" என்று இரண்டு கையையும் தூக்கி மேசைமேல் வைத்தேன். கறையோடு, வீக்கத்தோடு, கோணலோடு.

அவர் ஒவ்வொரு முட்டியாக மெதுவாகத் தொட்டார். நான் துடித்ததைப் பார்த்தார். கொப்பியைப் பின்னுக்குத் தள்ளி முதல் பக்கத்துக்குப் போனார். "இது எப்ப இருந்து?" என்றார்.

"மொத நாளுல இருந்தேதான். ஒங்ககிட்டதான டாக்டர் சொன்னேன்? காலைல வெரலெல்லாம் புடிச்சிக்கிதுன்னு."

"ஆமா. காலைல. நான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, கையிலிருந்த பேனாவால் தன் காலைத் தொட்டுக் காட்டினார். "காலைல. காலைல விரல்."

நான் அந்தப் பேனாவைப் பார்த்தேன். எனக்கு விளங்கவில்லை. முதலில் விளங்கியது இவருக்குத்தான். கீழே முதலாளியோடு நாள் முழுக்கச் சிங்களத்தில் பேசுகிறவர். "மாத்தயா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார், "காலைலன்னா கக்குல இல்ல, மாத்தயா. உதே. இவ சொன்னது உதே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

உதே. அந்தச் சொல் எனக்குத் தெரியாதா? கால் என்கிற கக்குலவைப் போல, அதுவும் சின்ன வயதிலிருந்து கடைத்தெருவில் கேட்கிற சொல். உதே என்றால் காலை நேரம், அத்த என்றால் கை. இரண்டு சொல். அன்றைக்கு அவர் தமிழ் பேசாமல் இருந்திருந்தால், நான் இந்த இரண்டையும் சொல்லி, கையை நீட்டிக் காட்டியிருப்பேன். அவர் தமிழில் வாங்க என்றதால், நானும் தமிழில் சொன்னேன். காலை நீட்டுங்க, காலை மடக்குங்க என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகினவருக்குக் காலை என்றால் கால்தான். யாரை நான் திட்டுவது? எங்களை மதித்து எங்கள் மொழியைப் படித்த ஒரே ஆளையா?

அவர் அப்போதுதான் எல்லாம் கேட்டார். விடிந்து எவ்வளவு நேரம் பிடித்திருக்கும், இரண்டு கையும் ஒரே மாதிரியா, வேலை செய்தால் கூடுமா குறையுமா, உடம்பு அசதியாக இருக்குமா என்று. கறுப்பு உருண்டையைப் பற்றிச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அதில் வீக்கத்தை அடக்குகிற பலமான இங்கிலீஷ் மருந்தைக் கலந்திருப்பார்கள், திடீரென்று விட்டதால்தான் படுத்துவிட்டேன் என்றார். பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலுமாக, இவர் நடுவில் எடுத்துச் சொல்ல, என் வருத்தத்தை எனக்கு விளக்கினார். முழங்காலில் இருப்பது வயசாலும் பாரத்தாலும் வருகிற தேய்மானம். அது நடந்தால் நோகும், உட்கார்ந்தால் குறையும். கையில் இருப்பது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே ஆள் தெரியாமல் மூட்டுகளை அடிக்கிறான். அதனால்தான் ஓய்ந்திருந்தால் பிடிக்கிறது, அசைத்தால் இளகுகிறது. குளிர் அதை உண்டாக்குவதில்லை, நோவைக் கூட்டும், அவ்வளவுதான். இரத்தம் சோதிக்க வேண்டும். கண்டியில் இருக்கிற மூட்டு டாக்டரிடம் அனுப்புவார். வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை ஒன்று இருக்கிறது, தினமும் போட்டால் ஆபத்து. அதைப் போட்டுக்கொண்டு அடிக்கடி இரத்தம் பார்த்தால் காவல்காரனை அடக்கலாம்.

"அப்ப இந்த வெரலு நிமிந்திருமா டாக்டர்?" என்று நடுவிரலைக் காட்டினேன்.

அவர் இவரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார். இவர் எனக்குச் சொல்லவில்லை. "என்னங்க சொல்றாரு?" என்றேன். இவர் சுவரைப் பார்த்தார். டாக்டர்தான் சொன்னார், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "கோணினது வராது அம்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம். இந்த வருத்தத்துக்கு முதல் ரெண்டு வருஷம்தான் முக்கியம். நான்... பிழை என்னோடது. மன்னிக்கணும்."

முதல் இரண்டு வருஷம். அதில் பெரும் பகுதி நான் முழங்காலுக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டு, விரலை ஈர மண்ணில் ஊற வைத்திருந்தேன். வாய் விட்டு அழுதேன். வெளியில் வாங்கில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அழுது முடிந்ததும் துண்டு கேட்டேன். அவர் உடனே தாளை எடுத்தார். இந்தத் தரம் எழுத எழுதத் தமிழில் சொன்னார்: இரண்டு கையிலும் மூட்டு வருத்தம், விரலால் செய்யும் வேலை கூடாது, குளிர் தண்ணீர், ஈரம் கூடாது. எனக்கு மனம் ஆறியது. இதைச் சுதாகரன் முகத்தில் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"இந்தா புள்ள" என்றார் இவர், மெதுவாக. "கையால செய்யாத வேல தோட்டத்துல எது இருக்கு?"

நான் யோசித்தேன். கொழுந்து கையால். புல்லு வெட்டுவது கையால். நர்சரி கையால். பெக்டரியில் தூசு பொறுக்குவது கையால். பிள்ளைக் காம்பராவில் பிள்ளை தூக்குவதும் கையால்தான். இந்தத் துண்டு ஆபீசுக்குப் போனால், அன்றைக்கே என் பேர் வெட்டப்படும். காலுக்கு நோவு என்றால் உட்கார வைக்க இடமிருக்கிறது. கைக்கு நோவு என்றால் எங்கள் தோட்டத்தில் அந்த ஆளே தேவையில்லை.

"டாக்டர்" என்றேன். "எழுதாதீங்க. பழையபடி காலுன்னே எழுதுங்க."

அவர் விளங்காமல் பார்த்தார். இந்தத் தரம் நான் பிழை விட விரும்பவில்லை. குனிந்து, என் முழங்காலை என் கோணல் கையால் தொட்டுக் காட்டினேன். "கக்குல, டாக்டர். கக்குல."

"பொய் எழுத முடியாது அம்மா."

"பொய் இல்லீங்க. தேய்மானம் இருக்குன்னு நீங்கதான படம் புடிச்சிப் பாத்தீங்க? அத மட்டும் எழுதுங்க. கைய எழுதாம விடுங்க. ஒங்கள கும்பிட்டுக் கேக்கிறேன்." கும்பிட முடியவில்லை. இரண்டு கையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் சிங்களத்தில் பேரைப் பற்றி, காம்பராவைப் பற்றி ஏதோ சொன்னார். டாக்டர் எழுதின தாளை இரண்டாகக் கிழித்தார். புதுத் தாளில் எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. ஈர மண்ணில் கை வைத்தால் மருந்து பாதிதான் வேலை செய்யும் என்று மட்டும் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன்.

நேற்றுப் பெரட்டுக்கு வலது காலை இழுத்து இழுத்து நடந்து போனேன். சுதாகரன் துண்டை வாங்கிப் படித்தார், ஆபீசுக்கு அனுப்பினார். இன்றைக்கு வேலாயி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏண்டி, நேத்து வலது கால இழுத்த, இன்னக்கி எடது கால இழுக்கிற. எந்தக் காலுடி ஒனக்கு நோவுது?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சுதாகரன் சிரிக்கவில்லை. செக்ரோலில் என் பேருக்கு நேரே பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டார். "ரெண்டு கால்லயுமா?"

இரண்டு வருஷம் சபித்த மனுசனுக்கு இன்றைக்காவது உண்மையைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"எல்லாக் காலைலயும் ஐயா" என்றேன்.

அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். நான் இடது காலை இழுத்துக்கொண்டே நர்சரிக்குப் போனேன். பலகையில் உட்கார்ந்து, ஈர மண்ணுக்குள் கையை விட்டேன்.